டீச்சர் காரில் ஏறிய சாமான்கள்

இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது. ஷர்பானு வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிட்டு ஓடிப்போகத் திட்டம் போட்டாள் என்று எதிர்வீட்டு சனோபர் இன்னும் பத்து இடத்தில் சொல்லட்டும், அது பொய்தான். சனோபர் பார்த்தது தன் வீட்டு ஜன்னல் திரையின் இடுக்கில் தெரிந்த அளவு. அந்த அளவுக்கு அவள் சொன்னதில் தப்பில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் வெள்ளைக்காரி வந்தாள், போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. திண்டு போனது, கண்ணாடித் தம்ளர்கள் போயின, சுவரில் தொங்கிய பூவேலைத் துணி போனது, கடைசியில் செம்புக் கூஜாவும் போனது. எல்லாம் வாஸ்தவம். ஆனால் எப்படிப் போனது என்று கேட்காமல் போனதை மட்டும் சொன்னால் அது பாதிப் பேச்சு. மீதியையும் கேட்டுவிட்டு அப்புறம் அவளைப் பேசுங்கள்.

ஷர்பானு ஜாகோரி மலைச்சீமையில் பிறந்து, எல்லை தாண்டிக் குவெட்டாவில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே புருஷனைப் பறிகொடுத்தவள். பிள்ளை இல்லை. புருஷனின் தம்பி ஏவஸ் அலி அதற்கு முன்பே படகேறி ஆஸ்திரேலியா வந்தவன். டைல்ஸ் பதிக்கிற வேலையில் காலூன்றி, டாண்டனாங்கில் நம் ஹஸாரா ஜனங்கள் இருக்கிற இந்தத் தெருவில் வீடு பிடித்து, அண்ணியைத் தனியாக விடக்கூடாது என்று கூப்பிட்டுக்கொண்டான். நல்லவன்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் வந்து இறங்கிய மறுமாதமே அவன் பெண்சாதி தாஜ்வர் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டி வருவது, சமையல், துவையல் எல்லாம் ஷர்பானு தலையில் வந்து உட்கார்ந்தது. யாரும் செய்யச் சொல்லவில்லை. செய்யாமல் இருக்கவும் விடவில்லை.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற பெரிய சலவைக்கூடம் ஒன்று பக்கத்து ஊரில் இருந்தது. நம் தெருப் பெண்கள் ரெண்டு பேர் அங்கே போனார்கள். வேலை கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் மேஸ்திரி முன்னால் உட்கார்ந்து அவன் கேட்பதற்குத் தன் வாயால் இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். கூட ஆளை வைத்துக்கொண்டு பேசினால் ஆகாது. ஷர்பானுவுக்கு அந்த வேலை வேண்டும். தலைக்குத் துணி வாங்கக்கூடக் கொழுந்தன் முகத்தைப் பார்த்து நிற்கிற வாழ்க்கை அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அதற்காகத்தான் இங்கிலீஷ்.

வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்க ஆளை அனுப்புகிற சங்கம் ஒன்று உண்டு. அவர்கள் அனுப்பியவள் கிளெனிஸ். ரயில்வே டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவள், ஒல்லி, வெள்ளைத் தலை. எல்லாரையும் "கண்ணு" என்று கூப்பிடுவாள். காசு வாங்கமாட்டாள்.

காசு வாங்காததில்தான் முதல் சந்தேகம் பிறந்தது.

"சும்மா யாராவது வருவாங்களா, அண்ணி?" என்றான் ஏவஸ் அலி. "பெட்ரோல் போட்டுக்கிட்டு, வாரா வாரம்? நம்மகிட்ட வாங்கலைன்னா வேற எங்கயோ வாங்குறாங்கன்னு அர்த்தம்."

"சங்கத்துல அப்படித்தானாம். புண்ணியத்துக்குப் பண்றாங்களாம்."

"குவெட்டாவுல நம்ம தெருவுக்கு வந்து பேர் விசாரிச்சவனும் புண்ணியத்துக்குத்தான் வந்தேன்னான்."

அந்த விசாரிப்புக்குப் பிறகு அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் பிணம் விழுந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இதில் தாஜ்வர் எண்ணெய் ஊற்றினாள். செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கடை லீவு. சமையலறையில் வெங்காயம் உரிப்பதுபோல் உட்கார்ந்து காதைப் பாடத்தில் வைத்திருப்பாள். சாயங்காலம் புருஷனிடம் ஒப்பிப்பாள்.

"என்ன கேக்குறா தெரியுமா? இந்த வீட்டுல எத்தனை பேருன்னு கேக்குறா. உங்க கொழுந்தன் என்ன வேலைன்னு கேக்குறா. எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்னு கேக்குறா. இவங்களும் உக்காந்து ஒவ்வொண்ணா சொல்றாங்க."

"எல்லாத்தையும் சொன்னாங்களா?"

"தப்புத் தப்பா சொன்னாங்க. அவ திருத்தித் திருத்தித் திரும்பச் சொல்ல வெச்சா. உங்க பேரைக்கூட ரெண்டு தடவை சொல்ல வெச்சா."

இங்கிலீஷ் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் இதுதான் முதல் பாடம். அது நமக்கு இன்றைக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் கேட்பதும் அதே கேள்விகள்தான் என்பது அன்றைக்கே ஏவஸ் அலிக்குத் தெரியும். அவன் பயந்ததில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி சாமான் கதை.

நம் வீட்டுக்கு வந்தவர் ஒரு பொருளைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றால், "எடுத்துக்கோங்க, உங்களுதுதான்" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவள் பெண்ணே இல்லை. உடனே அவர்கள், "உங்க வீட்டுல இருந்தாத்தான் அதுக்கு அழகு" என்று சொல்லிவிட வேண்டும். இருவரும் ஒருவரை ஒருவர் கௌரவித்தாயிற்று, பொருள் வைத்த இடத்திலேயே இருக்கும். இதை நம் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகிவிடுகிறார்கள். கிளெனிஸ் எங்கே பழகினாள்?

அவள் பாடம் நடத்தினாள், அவ்வளவுதான். அறையில் இருப்பதை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். இது திண்டு, இது சிவப்புத் திண்டு, இது அழகான திண்டு. ஷர்பானுவுக்கு மற்றதெல்லாம் பாடமாகக் காதில் விழுந்தது. அழகு என்ற வார்த்தை மட்டும் விருந்தாளியின் வாயிலிருந்து வந்ததாக விழுந்தது. சட்டென்று எழுந்து திண்டைத் தூக்கி டீச்சர் மடியில் வைத்தாள். கிளெனிஸ் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். ஒரு தடவை மறுத்ததை யார் கணக்கில் எடுப்பார்கள்? மறுபடியும் நீட்டினாள். மறுத்தால் இவர்கள் மனம் புண்படும் என்று சங்கத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். கிளெனிஸ் திண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காருக்குப் போனாள்.

ஷர்பானு வாசலில் நின்றபடியே திகைத்துப்போனாள். நிஜமாகவே எடுத்துக்கொண்டு போகிறாளே என்று.

அடுத்த வாரம் தம்ளர்கள். அதற்கடுத்து பூவேலைத் துணி, ஷர்பானு கல்யாணத்துக்கு முன்னால் தன் கையால் போட்டது. டீச்சருக்கு எதைக் கண்டாலும் அழகு. பேராசைக்காரியோ என்று ஷர்பானுவே சந்தேகப்பட ஆரம்பித்தாள். காசு வேண்டாம் என்றது இதற்குத்தானோ? ஆனால் வாயைத் திறந்து கேட்க முடியுமா? கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதைவிட நாக்கை அறுத்துக்கொள்ளலாம் என்று வளர்ந்தவள் அவள்.

அவள் கண்டுபிடித்த உபாயம், செவ்வாய்க்கிழமை காலையில் கூடத்தில் இருப்பதையெல்லாம் வாரி உள்ளறையில் அடைத்துவிடுவது. மிச்சத் திண்டுகள், விரிப்பு, கடிகாரம், பிள்ளைகள் படம் எல்லாம் உள்ளே போய்விடும். வெறும் சுவரைப் பார்த்து யார் அழகு என்பார்கள்?

அந்த வெறும் கூடத்தைத்தான் சனோபர் பார்த்தாள். தயிர் கடன் கேட்கிற சாக்கில் வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி இது, வீடு காலியா கெடக்கு?"

"வெள்ளையடிக்கப் போறோம்" என்றாள் ஷர்பானு. அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். அதுவே அவளுக்கு வினையாய் வந்தது. வெள்ளையடிக்க யாரும் வரவில்லை. மறுநாள் சாமான் எல்லாம் பழைய இடத்தில் இருந்தது, அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி காலியாகியிருந்தது. சனோபர் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை வீடு காலியாகிறது, செவ்வாய்க்கிழமை கார் வருகிறது. போதாதா?

கிளெனிஸ் பக்கமும் நிம்மதி இல்லை. பின்னால் அவளே சொன்னாள். ஒவ்வொரு வாரமும் இந்த வீட்டில் சாமான் குறைகிறதே, விற்றுத் தின்கிறார்களோ, அந்த நிலையிலும் எனக்கு எதற்குக் கொடுக்கிறார்கள், நாளைக்கு ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடு என்பார்களோ என்று அவளுக்குத் தூக்கம் வரவில்லையாம். ஆக, கொடுத்தவள் வாங்கியவளைச் சந்தேகப்பட்டாள், வாங்கியவள் கொடுத்தவளைச் சந்தேகப்பட்டாள், வீட்டுக்காரன் இருவரையும் சந்தேகப்பட்டான், எதிர்வீட்டுக்காரி மொத்த வீட்டையும் சந்தேகப்பட்டாள். பாடம் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

கூஜா போன விதம் இது. அன்று தாஜ்வரைக் கடையில் வரச் சொல்லியிருந்தார்கள். ஷர்பானு உள்ளே கந்தனாக் கீரை வைத்து போலானி ரொட்டி சுட்டிருந்தாள். சாப்பிட்டவளுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்ற வேண்டுமே, மாமியார் காலத்துச் செம்புக் கூஜாவை எடுத்து வந்தாள். அதை ஒளித்து வைக்க அவளுக்குத் தோன்றவில்லை, அது கை கழுவுகிற சாமான்தானே. கிளெனிஸ் ஈரக்கையோடு அதைத் தடவிப் பார்த்து, இது எவ்வளவு அழகு என்றாள். பாடம் அல்ல, மனதார.

ஷர்பானு கண்ணை மூடிக்கொண்டுதான் நீட்டியிருப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் பெரியவர்களை ஏவஸ் அலி விருந்துக்கு அழைத்திருந்தான், தாஜ்வரும் கடைக்கு லீவு சொல்லியிருந்தாள். தரைவிரிப்பு போட்டாயிற்று, சோறு தயார். பெரியவர்கள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"தாஜ்வர், கூஜாவைக் கொண்டா."

உள்ளே பாத்திரங்கள் உருண்டன. பிறகு குளியலறையில் இருந்த நீல பிளாஸ்டிக் குவளையோடு தாஜ்வர் வந்தாள். ஏவஸ் அலி அதைப் பார்த்தான், பெரியவர்களும் பார்த்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லப்பா, தண்ணி தண்ணிதான்" என்றார். அந்தப் பரவாயில்லைதான் அவனைக் கொன்றது.

அவர்கள் போனதும் அவன் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணி, அம்மாவோட கூஜா எங்க?"

"டீச்சர்கிட்ட இருக்கு."

"நீங்க கொடுத்தீங்களா, அவங்க எடுத்தாங்களா?"

"அவங்க அழகுன்னு சொன்னாங்க."

"ஓகோ. நாளைக்கு இந்த வீட்டை அழகுன்னு சொன்னா?"

தாஜ்வர் கதவோரத்திலிருந்து, "வீட்டைக் கேக்க மாட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா சாமானெல்லாம் போய், கடைசில அக்காவும் அங்க போயிடுவாங்க. தெருவுல அதைத்தானே சொல்றாங்க" என்றாள்.

"தெருவுல என்ன சொல்றாங்க?" என்று ஷர்பானு கேட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்கே தெரியும், தான் ஓடிப்போகப் போகிற சேதி.

ஏவஸ் அலி முடிவாகச் சொன்னான். "கூஜா இந்த வீட்டுக்கு வர்ற வரைக்கும் அந்த அம்மா இந்த வாசப்படி ஏற வேண்டாம். பாடமும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம். சலவை வேலைக்குப் போகணும்னு உங்களை யாரும் கெஞ்சல."

சலவைக்கூட மேஸ்திரி மாதக் கடைசியில் ஆள் எடுக்கிறான் என்று சேதி வந்திருந்தது. பாடம் நின்றால் அதுவும் போச்சு. திருப்பிக் கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. ரெண்டு நாள் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு யோசனை வந்தது, நம் பெண்களுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. திருப்பிக் கேட்க வேண்டாம். டீச்சர் வீட்டுக்குப் போவது. அங்கே கூஜாவைப் பார்த்து அழகாயிருக்கிறது என்று சொல்வது. சொன்னால் அவள் எடுத்துக்கொள் என்று சொல்லித்தானே ஆக வேண்டும்.

திங்கட்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, ரயில் பாதையைத் தாண்டி நடந்தாள். டீச்சர் வீடு இருக்கிற இடம் வழி கேட்கிற பாடத்தில் வந்ததுதான்.

கிளெனிஸ் கதவைத் திறந்தாள். ஷர்பானு கையெழுத்துக் கேட்க வந்துவிட்டாள் என்று நினைத்தாளாம். "உள்ள வாங்க, கண்ணு" என்றாள்.

முன்னறையில் எல்லாம் கண்ணெதிரே இருந்தது. திண்டு நாற்காலியில், துணி சுவரில், தம்ளர்கள் அலமாரியில். கூஜா ஜன்னலோரம் நின்றது, அதன் வாயில் மஞ்சள் பூக்கொத்து செருகியிருந்தது. மாமியார் உயிரோடு இருந்து பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ. ஷர்பானு அதைப் பார்க்காததுபோல் உட்கார்ந்து, மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"கூஜா அழகா இருக்கு."

"ஆமா, கண்ணு. அழகா இருக்கு."

எடுத்துக்கொள் என்ற வார்த்தை வரும் என்று ஷர்பானு காத்திருந்தாள். வரவில்லை. காதில் விழவில்லையோ என்னவோ.

"கூஜா ரொம்ப அழகா இருக்கு."

"நல்லா சொல்றீங்க. போன மாசம் உங்களுக்கு இப்படி முழுசா சொல்ல வராது."

"இந்தச் செம்புக் கூஜா, ரொம்ப, ரொம்ப அழகா இருக்கு."

"தினமும் துடைச்சு வைக்கிறேன்" என்றாள் கிளெனிஸ். அவள் குரலில் இப்போது ஓர் எச்சரிக்கை இருந்தது. சாமானை ஒழுங்காக வைத்திருக்கிறேனா என்று பார்க்க வந்திருக்கிறாள் போல என்று அவள் கணக்குப் போட்டாள். பால் ஊற்றிய டீயைக் கொண்டுவந்து வைத்தாள். ஷர்பானு திண்டைப் புகழ்ந்தாள், துணியைப் புகழ்ந்தாள், தன் கையால் போட்ட துணியையே வேறொருத்தி வீட்டில் உட்கார்ந்து புகழ்ந்தாள். கிளெனிஸ் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றாள். ஒரு பொருளும் அசையவில்லை.

டீ ஆறிப்போயிற்று. இனி என்ன செய்வது? வெறுங்கையோடு எழுந்து போனால் எல்லாம் முடிந்தது. ஷர்பானுவுக்குக் காது மடல் சுட்டது. அவள் அம்மாவிடம் கேட்டதில்லை, புருஷனிடம் கேட்டதில்லை, கொழுந்தனிடம் கேட்டதே இல்லை. பார்க்கிறவர்கள் பார்த்துப் புரிந்துகொண்டு கொடுப்பார்கள் என்று காத்துக் காத்துத்தான் வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இங்கே அப்படிப் பார்க்க ஆளில்லை.

"டீச்சர். எனக்கு அது வேணும்."

"எது?"

"கூஜா. என் வீட்டுது. எனக்குத் திரும்ப வேணும்."

கிளெனிஸ் டீக்கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் முகம் சிவந்தது. கோபப்படுகிறாள் என்று நினைத்து ஷர்பானு எழுந்தேவிட்டாள். ஆனால் அவள் நாற்காலியில் சாய்ந்து, பெருமூச்சு விட்டுச் சிரித்தாள்.

"உக்காருங்க. நான் இதை எப்படித் திருப்பிக் கொடுக்கிறதுன்னு தெரியாம செத்துக்கிட்டிருக்கேன். கொடுத்தா வருத்தப்படுவீங்க, வெச்சுக்கிட்டா சங்கத்துல திட்டுவாங்க. பரிசு வாங்கக்கூடாதுன்னு அங்க ஒரு சட்டமும் இருக்குன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. நீங்க எப்பவாவது வந்து பாத்து, இங்க இல்லையேன்னு மனசு ஒடியக்கூடாதேன்னுதான் எல்லாத்தையும் இப்படி எடுத்து வெச்சிருக்கேன். மத்ததும் வேணுமா?"

பாதிதான் ஷர்பானுவுக்குப் புரிந்தது. கடைசிக் கேள்வி நன்றாகப் புரிந்தது. "வேணும்" என்றாள். இரண்டாவது தடவை சொல்லும்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை. "எல்லாம் வேணும்."

அன்று பட்டப்பகலில் கிளெனிஸின் கார் நம் தெருவில் நின்றது, இறங்கியது எல்லாம் சாமான். சனோபரின் திரை முழுசாகவே விலகியது. போன சாமான் திரும்பி வந்ததை அவள் எத்தனை பேரிடம் சொன்னாள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்டால், "வெள்ளைக்காரியும் வேண்டாம்னு துரத்திட்டா போல" என்றாள்.

சாயங்காலம் ஏவஸ் அலி கூஜாவைக் கவிழ்த்துப் பார்த்தான். மஞ்சள் இதழ் ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.

"இதுல என்ன வெச்சிருந்தாங்க?"

"பூ."

"கை கழுவுற கூஜாவுலயா?"

தாஜ்வர் செல்போன் விளக்கைக் கூஜாவுக்குள் அடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "மெஷின் கிஷின் ஏதாவது ஒட்ட வெச்சிருக்கப் போறாங்க. நாம பேசுறதெல்லாம் கேக்குமாம்."

"கேட்டா கேக்கட்டும், நீ பேசுறதைக் கேட்டா அவங்களே வந்து கழட்டிட்டுப் போயிடுவாங்க" என்றான் அவன். சொல்லிவிட்டானே தவிர, சாம்பல் போட்டுத் தேய்க்கச் சொல்லி, அன்று ராத்திரி அதைக் கூடத்தில் வைக்காமல் கொல்லையில்தான் வைத்தான்.

வாக்கு வாக்குதான், கூஜா வந்ததால் பாடம் தொடர்ந்தது. ஆனால் சந்தேகம் போய்விட்டதென்று நினைக்காதீர்கள். தாஜ்வர் இப்போது சமையலறையில் ஒளியவில்லை, பாயிலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள். கிளெனிஸ் பயந்துபோய் எதைப் பார்த்தும் அழகு என்பதில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினாள். "நம்ம வீட்டுல ஒண்ணும் நல்லாயில்லைன்னு நினைக்கிறாளோ" என்று தாஜ்வருக்கு அதிலும் ஒரு குறை.

மாதக் கடைசி வந்தது. மேஸ்திரி வரச் சொன்ன நாள் காலையில் ஷர்பானு நீலத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஏவஸ் அலி பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நான் சலவைக்கூடத்துக்குப் போறேன். இன்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

அவன் நிமிரவில்லை. நம் வழக்கப்படி அதற்குமேல் ஒரு வார்த்தை வர வேண்டும், உங்களுக்குச் சம்மதம்னா என்று. அதற்காகக் காத்திருந்தான். வரவில்லை.

"சம்மதமான்னு கேக்கலையே, அண்ணி."

"கேட்டா நீங்க யோசிப்பீங்க. யோசிச்சா வேண்டாம்னு சொல்வீங்க."

"யார் யார் வருவாங்க, யார் எப்படின்னு தெரியாத இடம்."

"இந்த ஊரே எனக்குத் தெரியாத இடம்தான். நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க."

தாஜ்வர் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். "பிள்ளைங்களை மூணு மணிக்கு யார் கூட்டிட்டு வர்றது?"

"நீதான், தாஜ்வர்" என்றாள் ஷர்பானு. கோபமாகச் சொல்லவில்லை. உப்பு எங்கே என்று கேட்டவளுக்கு இடத்தைக் காட்டுகிற மாதிரி சொன்னாள்.

அப்புறம் கதவைத் திறந்தாள், செருப்பை மாட்டினாள், படியிறங்கினாள். எதிரே குப்பைத்தொட்டியை உருட்டுவதுபோல் சனோபர் நின்றிருந்தாள்.

"எங்கடி காலங்காத்தால?"

"வேலை கேக்க."

"தனியாவா? துணிப் பையைக் காணோமே."

"வேலை கேக்கப் பை எதுக்கு, சனோபர்?"

ஏவஸ் அலி ஒரு காலில் பூட்ஸோடு வாசலுக்கு வந்து நின்றான். கூப்பிடத்தான் வந்தான் என்று தாஜ்வர் சொல்வாள், நல்லபடி போய்வரச் சொல்ல வந்தான் என்று அவன் சொல்வான். எதையும் சொல்வதற்குள் ஷர்பானு முனை திரும்பி, பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுவிட்டாள்.